பலகையில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர்: மதுரையில் உயில் எழுதிய அனுபவம்

என் காலத்துக்குப் பிறகு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் போய்ச் சேர வேண்டும் என்று உயில் எழுதிப் பதிவும் செய்து முடித்துவிட்டேன். எழுதிக் கொடுத்தது மதுரை மாவட்ட நீதிமன்றத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருக்கும் வக்கீல் அலுவலகம். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். 5க்கு நாலரை கொடுக்கிறேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. அவரிடமே கேட்டேன், "பேரை விட்ருங்கம்மா, விஷயத்தை எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றார். அதனால் விஷயத்தை எழுதுகிறேன்.

எனக்கு 62 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, 2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லில் அத்தனை பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வந்தோமே, அதில் வந்தவள். தெப்பக்குளம் பக்கம் ஒன்றரை சென்ட்டில் சொந்த வீடு, வங்கியில் டெபாசிட், கொஞ்சம் நகை. எல்லாம் நான் சம்பாதித்தது, பூர்வீகம் எதுவும் இல்லை. ஒரு தம்பி, அவனுக்கு ஒரு பெண். வீடு அவளுக்குத்தான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். டெபாசிட்டில் ஒரு பங்கு ஒத்தக்கடை தாண்டி இருக்கிற அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு என்பது என் மனசில் மட்டும் இருந்தது, பத்து வருஷமாக.

மனசில் இருந்தால் என்ன ஆகும் என்பதை என் பெரியப்பா விஷயத்தில் பார்த்துவிட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார். அவர் போன பிறகு பீரோவில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடைத்தது. அதில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம், வீட்டை விற்று வரும் பணத்தில் பாதியை அனாதைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்து இல்லை. அவ்வளவுதான், அது உயிலே இல்லை என்று ஆகிவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இல் வந்தது, அதன் 63ஆம் பிரிவு, உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. அவர் எழுதியதைப் படித்தவர்களில், அது அவர் கையெழுத்துத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் வீடு சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரிந்து போனது. அதில் இரண்டு பேர் அவரை இருபது வருஷமாக வந்து பார்த்ததுகூட இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பைசா போகவில்லை. அந்த நோட்டை நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் போனது இந்த வக்கீலிடம் இல்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். மனைப் பத்திரம் எல்லாம் நன்றாக எழுதுவார் என்று சொன்னார்கள், எழுதலாம், எனக்குத் தெரியாது. என் உயிலை அரை மணி நேரத்தில் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். படித்துப் பார்த்தால், "மதுரையில் உள்ள அனாதை இல்லத்துக்கு" ஐந்து லட்சம் என்று இருந்தது. எந்த இல்லம் என்று கேட்டேன். "அதான் ஒத்தக்கடைல இருக்கே, எல்லாருக்கும் தெரியும்க்கா" என்றார். சாட்சிக்கு அவர் கடையில் டைப் அடிக்கிற தம்பியும், பக்கத்து டீக்கடைக்காரரும். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், இருபது வருஷம் கழித்துத் தேடினால் கிடைப்பார்களா என்பது பற்றி ஒரு பேச்சு இல்லை. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். பெரியப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். அடித்ததற்கு 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி மகள் போனில் ஒரு ஆன்லைன் உயில் படிவத்தைக் காட்டினாள். கட்டம் கட்டமாக நிரப்பினால் உயில் தயார். வீடு மகனுக்கு, நகை மகளுக்கு என்று நேராகப் போகிற குடும்பங்களுக்கு அது போதுமாக இருக்கலாம். ஒரு அறக்கட்டளைக்குக் கொடுப்பதென்றால் அதில் பெயர் எழுத ஒரு கட்டம், தொகை எழுத ஒரு கட்டம், அவ்வளவுதான். நான் கேட்க நினைத்த எதற்கும் அதில் இடம் இல்லை.

அப்புறம் எங்கள் பழைய ஆபீஸ் தோழி சொல்லித்தான் இந்த வக்கீலம்மாவிடம் போனேன். நாற்பது வயது இருக்கும். முதல் நாள் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கேள்விதான் கேட்டார், ஒன்றேகால் மணி நேரம். சொத்து நீங்களே வாங்கியதா, பூர்வீகமா? கடன் இருக்கிறதா? நாமினி யார் பெயரில் போட்டிருக்கிறீர்கள்? தம்பிக்கு இந்த விஷயம் தெரியுமா? அந்த இல்லத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? கடைசியாக, "அந்த இல்லத்தோட பேர் என்னம்மா?" என்றார்.

சொன்னேன். ஒன்பது வருஷமாக அப்பா நினைவு நாளுக்கு அங்கே மதியச் சாப்பாடு போடுகிறேன், எனக்குத் தெரியாதா. "அவங்க குடுத்த ரசீது இருக்கா?" என்றார். பையில் போன வருஷத்து ரசீது இருந்தது, எடுத்து நீட்டினேன். அவர் அதை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் மேல் வரியைக் காட்டினார். நான் சொன்ன பெயர் அதில் இல்லை. வேறொரு பெயர், நீளமாக, "எஜுகேஷனல் அண்ட் சாரிட்டபிள் டிரஸ்ட்" என்று முடிகிற பெயர். நான் சொன்னது வாசல் பலகையில் இருக்கிற பெயர், இல்லத்தின் பெயர். அதை நடத்துகிற அறக்கட்டளையின் பதிவுப் பெயர் இது. ஒன்பது ரசீது வாங்கியிருக்கிறேன், ஒருமுறைகூட மேல் வரியைப் படித்ததில்லை.

இதில்தான் விஷயமே இருக்கிறது. பலகைக்குச் சொத்து வாங்கிக்கொள்ள முடியாது. அறக்கட்டளையோ சங்கமோதான் வாங்கிக்கொள்ள முடியும். உயிலில் பெயர் தெளிவில்லாமல் இருந்தால், அந்தக் கொடையே செல்லாது என்று வாரிசு யாராவது வாதாட இடம் கிடைத்துவிடும், அல்லது ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு இல்லங்கள் எனக்குத்தான் என்று வந்து நிற்கும். மதுரையில் அன்னை என்றும் அன்பு என்றும் தொடங்கும் பெயர்களை நினைத்துப் பாருங்கள், எத்தனை இருக்கிறது! பதிவுப் பெயர், பதிவு எண், பதிவான வருஷம், பான் எண், முகவரி, அதோடு இந்த முகவரியில் இன்ன பெயரில் குழந்தைகள் இல்லம் நடத்தி வருகிற என்று அடையாளம், இத்தனையும் என் உயிலில் இப்போது இருக்கிறது. அந்த ஒரு பத்தி மட்டுமே பதினோரு வரி.

பெயர் சரியாக இருந்தாலும் நாளை அந்த இல்லம் இல்லாமல் போனால்? வேறொன்றோடு சேர்ந்துவிட்டால்? அதற்கும் ஒரு பத்தி போட்டார், அப்படி ஆனால் மதுரை மாவட்டத்தில் ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் பதிவுபெற்ற வேறொரு அமைப்புக்கு, உயிலை நிறைவேற்றுபவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம் என்று. இப்போது எழுதும்போது தோன்றுகிறது, பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார், தருமத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் இறந்தார், அந்தப் பணம் கேட்பாரற்றுக் கிடந்து கோர்ட்டு கேஸ் என்று இழுத்து, அவர் பெயரில் சென்னையில் பள்ளிக்கூடம் வந்தது 1842இல். நாற்பத்தெட்டு வருஷம். அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் படிக்காமலே போயிருப்பார்கள்!

வக்கீலம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். இந்த முறை சாப்பாடு போட இல்லாமல் விவரம் கேட்கவென்றே ஒரு நாள் இல்லத்துக்குப் போய் வாருங்கள் என்றார். இதை அவர் கட்டணத்தில் சேர்க்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட மதிப்பாகப் பட்டது.

போனேன். யானைமலை நேர் எதிரே படுத்திருக்கும், வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டேன். பொறுப்பில் இருப்பவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலக அறையில், இத்தனை வருஷம் நான் தலை நிமிர்ந்து பார்க்காத சுவரில், சட்டம் போட்டு ஒரு சான்று மாட்டியிருக்கிறது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளை வைத்துப் பராமரிக்கிற எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைப் பார்த்தேன், உயிரோடு இருந்தது. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டுத்தான் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், யாரும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக முடியாது என்று டீச்சர் சொன்னார். சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். உயரத்தைக் கவனியுங்கள், பெரியவர்கள் கண்ணுக்கு எழுதவில்லை.

நான் போனில் ஒரு படம் எடுக்கப் போனேன், பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவிக்கொண்டிருந்தது பார்க்க அழகாக இருந்தது. டீச்சர் மெதுவாகக் கையைத் தடுத்து, "பிள்ளைக போட்டோ மட்டும் வேணாம்மா" என்றார். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, பிறகு தெரிந்துகொண்டேன். நன்கொடை கேட்டு அழுகிற குழந்தையின் முகத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிற இடங்களைப் பார்த்தால் இனிமேல் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என் உயிலின் வாசகத்தையே மாற்றியது. "சாப்பாட்டுக்கு எங்களுக்குக் குறையே இல்லைம்மா. பிறந்தநாள், கல்யாண நாள், திதின்னு ஒரே நாள்ல மூணு பேர் பாயாசம் கொண்டு வந்துருவாங்க. ஆயாம்மாவுக்குச் சம்பளம் குடுக்குறேன்னு இதுவரை ஒருத்தர் வந்ததில்ல." கரண்டு பில், தண்ணி லாரி, கண்ணாடி உடைந்த பையனுக்குப் புதுக் கண்ணாடி, ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆட்டோ, பதினெட்டு வயசு முடிந்து வெளியே போகிற பெண்ணுக்கு ஹாஸ்டல் கட்டணம். இதற்கெல்லாம் யாரும் நினைவு நாள் வைத்துக் கொடுப்பதில்லை. பதினெட்டு முடிந்து போகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் டீச்சர் கொஞ்சம் நிறுத்திப் பேசினார். சட்டம் அவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு என்று ஒன்றைச் சொல்கிறது, ஆனால் காலேஜ் முதல் வருஷம் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் கையில் காசு வேண்டுமே. ஒரு பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், வெள்ளைச் சீருடை இரண்டு செட், வெள்ளை ஷூ, அதற்கே அல்லாடினார்களாம். ஒன்பது வருஷமாக வடை பாயாசத்தோடு போய் வந்த எனக்கு இது ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து வக்கீலம்மாவிடம், பணம் முழுக்க பதினெட்டு தாண்டிய பெண் பிள்ளைகளின் நர்சிங் படிப்புக்கு மட்டும் என்று எழுதுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. "இருபது வருசம் கழிச்சு அங்க நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணுகூட இல்லைன்னா அந்தப் பணத்தை என்னம்மா செய்வாங்க?" என்றார். நியாயம்தானே. இல்லத்தின் பொதுச் செலவுகளுக்கு, முடிந்தவரை பதினெட்டு வயது முடிந்து வெளியேறும் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு முன்னுரிமை கொடுத்து, என்று எழுதினோம். முதல் அப்படியே இருந்து வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்று விரும்பினால் கார்பஸ் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றும் சொன்னார். நான் அது வேண்டாம் என்றேன், தேவைப்படும்போது முதலையே எடுக்கட்டும்.

தொகை விஷயத்திலும் அவர் சொன்னதைக் கேட்டேன். நான் ஐந்து லட்சம் என்றேன், அவர் பங்கு என்றார். நான் போகிறபோது டெபாசிட்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிச் செலவில் கரைந்து மூன்று லட்சம்தான் மிஞ்சினால் தம்பி கையில் இருந்து கொடுக்க வேண்டி வருமோ என்று அவன் தவிப்பான். இன்னும் இருபது வருஷம் இருந்தேன் என்றால் ஐந்து லட்சம் என்பது சின்னத் தொகை ஆகிவிடும். அதனால், கடன், ஆஸ்பத்திரி, ஈமச் செலவு எல்லாம் போக வங்கி இருப்பில் நாற்பது சதவீதம். வீடு முழுக்க தம்பி மகளுக்கு.

டெபாசிட்டுக்கு நாமினி தம்பி. நாமினி இருந்தால் பணம் அவருக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன், பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாமினி என்பவர் வங்கியிடம் இருந்து வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். வாங்கியதை உயில்படி, உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைப்படி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறது. ஆகவே தம்பியிடம் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அதுதான் எனக்குப் பெரிய மலையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு சொன்னேன். அவன் துண்டில் கை துடைத்துக்கொண்டே, "என்னக்கா, நாங்க இல்லையா உனக்கு?" என்றான். குரல் உடைந்துவிட்டது. பணத்துக்காகக் கேட்கவில்லை, எனக்கு அது தெரியும். எனக்கு யாரும் இல்லை என்று ஊர் நினைத்துவிடுமோ என்று அவனுக்கு. நீ இருப்பதால்தான் இதைச் செய்ய முடிகிறது, நான் போன பிறகு இதை முடித்து வைக்கப் போவது உன் மகள்தான் என்றேன். பெரியப்பா நோட்டைக் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தது அப்போதுதான். படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "எம்புட்டு வேணா குடுக்கா, ஆனா ஒரு நாள் என்னையும் அங்க கூட்டிட்டுப் போ" என்றான்.

உயிலை நிறைவேற்றுபவர், பேச்சில் எக்ஸிக்யூட்டர் என்கிறோமே, தம்பி மகள். அவளால் முடியாவிட்டால் என் தோழியின் மகன். சாட்சிகள் இரண்டு பேரும் என்னைவிடச் சின்னவர்கள், ஒருவர் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் தம்பி, இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த பெண், 48 வயது. பின்னால் வழக்கு என்று வந்தால் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து, இவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் எண்பது வயதுக்காரரைச் சாட்சி போடாதீர்கள். கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு சுயநினைவும் தெளிவும் இருப்பதாக டாக்டர் சான்று ஒன்று வாங்கிச் சேர்த்தார், 62 வயசுக்கு இது எதற்கு என்று நினைத்தேன், இருந்தாலும் எண்பதில் எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன்.

வரைவு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அரைப் புள்ளி இதற்குத்தான் குறைத்தேன். நான் பேசியது தமிழில், நிறைவேற்றப் போகிறவள் தமிழில் படிக்கிறவள், இல்லத்து டீச்சரும் தமிழ் டீச்சர், பிறகு எதற்கு ஆங்கிலம்? கேட்டதும் மறுபேச்சில்லாமல் தமிழில் மாற்றிக் கொடுத்தார், நான்கு நாள் ஆனது. இன்னொன்று, லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி. உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் போனவர்கள். கேட்டால் கீழே வந்து காரிலேயே பேசுகிறார் என்று பிறகு தெரிந்தது, முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.

செலவு: வக்கீல் கட்டணம் 7,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளே போதும். பதிவும் கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்தேன், பெரியப்பா நோட்டு மாதிரி பீரோவில் கிடக்கக் கூடாது என்றுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடும் ஆதார் அட்டைகளோடும் போய், போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, மதியத்துக்குள் முடிந்தது. உயில் தனிப் புத்தகத்தில், 3ஆம் புத்தகத்தில் பதிவாகிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அதில் தெரியாது. நான் உயிரோடு இருக்கும்வரை நகலை வேறு யாரும் வாங்க முடியாது. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். பேனாவால் அடித்துத் திருத்துவது மட்டும் கூடாது.

இதையும் செட்டில்மெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால் சொத்து கைமாறிவிடும், பிறகு நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா வீட்டை அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது சொந்த வீட்டில் பயந்து பயந்து இருக்கிறார். உயில் என்பது நாம் கண் மூடிய பிறகு பேசுகிற காகிதம்.

வரிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஆபீஸ் தோழிகள் கேட்டார்கள். உயிலில் எழுதுவதால், 80ஜி என்று சொல்லிவந்த நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, அது இப்போதே கொடுக்கிற நன்கொடைக்குத்தான், அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இல்லை. நம் நாட்டில் இறந்தவர் சொத்துக்கு வரி 1985இலேயே எடுத்தாகிவிட்டது, அதனால் இல்லத்துக்குப் போகிறதில் அரசாங்கம் பங்கு கேட்காது.

என் தோழி கிறிஸ்தவர். அவள் அப்பா காலத்தில், நெருங்கிய சொந்தம் உள்ள கிறிஸ்தவர்கள் தருமத்துக்குச் சொத்து எழுதினால், எழுதி பன்னிரண்டு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும், எழுதிய ஆறு மாதத்துக்குள் உயிலை உரிய இடத்தில் ஒப்படைக்கவும் வேண்டும் என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் விதி இருந்தது. அதைக் கேள்விப்பட்டே அவள் தயங்கிக்கொண்டிருந்தாள். ஜான் வல்லமட்டம் என்ற பாதிரியார் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. வக்கீலம்மா இதைச் சொன்ன அன்றே தோழி தனக்கும் தேதி வாங்கிவிட்டாள். முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது, அதற்குத் தகுந்தபடி அவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பதிவு முடிந்த மறுவாரம் தம்பியையும் அவன் மகளையும் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். உயிலில் உங்கள் பெயர் இருக்கிறது என்று மட்டும் டீச்சரிடம் சொன்னேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "நல்லா இருங்கம்மா, இன்னும் முப்பது வருசம் சாப்பாடு போட வாங்க" என்றார். தம்பி மகள் ரசீது புத்தகத்தின் மேல் வரியை நோட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள். சான்று புதுப்பிக்க வேண்டிய தேதியையும் குறித்துக்கொண்டாள், வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாளாம். இந்த வருஷம் அப்பா நினைவு நாளுக்கு நாங்கள் சாப்பாடு போடவில்லை. ஆயாம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

போகிறவர்கள் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போய்விடுவார். வீட்டுப் பத்திரம், பாஸ்புக், ஆதார், இல்லத்து ரசீது ஒன்று, இதெல்லாம் கையில் இருக்கட்டும். ஜெராக்ஸ் கீழேயே எடுத்துக்கொள்ளலாம்.